தூளை யார் பார்ப்பார்கள்?

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பெயர் கத்தி. வாய்க்காக வைத்த பெயர் இல்லை, தொழிலுக்காக வைத்தது. வாயும் அந்தப் பெயருக்குக் குறை வைக்கவில்லை என்பது வேறு விஷயம். உறைந்த உறுப்பிலிருந்து ஒரு தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்குக்குச் சீவல் எடுப்பது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே வேலை. மைனஸ் இருபது டிகிரியில் இருக்கும் பெட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு, ஓவியம் வரைகிற மெல்லிய தூரிகையால் சீவலின் ஓரத்தைத் தடவித் தடவி விரிப்பாள். அது சுருண்டுகொள்ளப் பார்க்கும். "சும்மா கிட, கொஞ்ச நேரந்தான்" என்பாள். சும்மா கிடக்கும். அப்புறம் கண்ணாடித் தகட்டை அதன் மேல் மெல்லக் கவிழ்த்து எடுப்பாள். சீவல் தகட்டில் ஒட்டி, ஒரு கணம் ஈரமாகி, பிறகு காய்ந்து வெளுத்துப்போகும். அங்கே ஏதோ இருக்கிறது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

மற்றவர்கள் நாலு சீவல் எடுத்தால் மூன்றைக் கிழிப்பார்கள். அவள் கிழித்த சீவலை யாரும் பார்த்ததில்லை. கிழிவதே இல்லையா, கிழிந்ததை உடனே ஒளித்துவிடுகிறாளா என்று லேசர் அண்ணாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் உண்டு.

லேசர் அண்ணா அடுத்த அறையில் எந்திரத்தைக் கட்டி மேய்ப்பவர். அவள் சீவி, அதன் மேல் ஒரு தூளைக் கரைத்துத் தெளித்துக் கொடுக்கும் தகட்டை அவர் எந்திரத்துக்குள் வைப்பார். லேசர் ஒளி சீவலின் மேல் புள்ளி புள்ளியாக அடித்துக்கொண்டே போகும். அடி விழுந்த இடத்தில் தூளோடு சேர்ந்து மூலக்கூறுகளும் எகிறும். எகிறுகிற ஒவ்வொன்றின் எடையையும் எந்திரம் குறித்துக்கொள்ளும். பல்லாயிரம் புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எடைப்பட்டியல். கடைசியில், "இந்த எடை உள்ளவன் எங்கெங்கே இருக்கிறான்?" என்று கேட்டால் திரையில் படம் வரும். இருக்கிற இடம் மஞ்சள், இல்லாத இடம் கறுப்பு. தூள் இல்லாவிட்டால் ஒன்றும் எகிறாது. ஆனால் படம் வந்த பிறகு தூளை யாரும் நினைப்பதுகூடக் கிடையாது.

அவள் கணவர் அதே கட்டடத்தில் மூன்று மாடி மேலே மருந்து செய்கிறவர். பதினோரு வருடமாக ஒரே மருந்து. அவர் செய்து பார்த்ததில் அது நூற்றுப் பதினாலாவது, அதனால் அதற்குப் பெயரே நூற்றுப்பதினாலு. முந்தின நூற்றுப் பதின்மூன்றும் என்ன ஆயின என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஒன்றிலிருந்து ஆரம்பித்துவிடுவார்.

மருந்து காசநோய்க்கு. அந்த நோயில் நுரையீரலுக்குள் கட்டி கட்டியாக வரும். கட்டியின் நடுப்பகுதி செத்து, வெளுத்து, கத்தி பட்டால் உதிர்கிற பதத்தில் இருக்கும். கிருமிகள் அதற்குள் போய்ச் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும். இருக்கிற மருந்துகளில் பாதி, கட்டியின் வாசலோடு திரும்பிவிடும். நூற்றுப்பதினாலு கண்ணாடிக் குழாயில் கிருமியைத் துவம்சம் செய்தது. அது கட்டியின் நடு வரைக்கும் போகிறதா என்பதுதான் மிச்சமிருந்த ஒரே கேள்வி. நோய் கண்ட முயல்களுக்கு மருந்தைக் கொடுத்து, நுரையீரலை எடுத்து, கிருமிகளைக் கதிர்வீச்சில் கொன்று, உறைந்த கட்டிகளாகக் கத்தியின் மேசைக்கு அனுப்பினார்கள். புருஷனின் மருந்துக்குப் பெண்டாட்டி பரீட்சை வைப்பதா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் அதைச் சீவக்கூடிய கை ஒன்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் படம் வந்தது. கட்டியைச் சுற்றி அழகான மஞ்சள் வளையம். நடுவில் கன்னங்கரேல் என்று ஒரு ஓட்டை.

லேசர் அண்ணா தொண்டையைச் செருமினார். ஆய்வுக்கூடத்துக்குத் தலைவியான பேராசிரியை வந்து இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, படத்தை, எந்த மருந்தைத் தொடர்வது என்று முடிவு செய்கிற குழுவுக்கு அனுப்பச் சொன்னார். வியாழக்கிழமை குழு கூடும். ஓட்டை உள்ள மருந்தை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? கை கழுவிவிடுவார்கள். பதினோரு வருடம் ஒரு மத்தியானத்தில் முடிந்துபோகும்.

சனிக்கிழமை காலையில் வீட்டில் கணவர் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு ஆரம்பித்தார்.

"நடுவுல மருந்து இல்லன்னு உங்க எந்திரம் சொல்லுது."

"ஆமா."

"நடுவுல அதுக்குக் காது கேக்குதான்னு யாராவது பாத்தீங்களா?"

அவ்வளவுதான் கேட்டார். அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறிவிட்டது.

"அதாவது என் கை சரியில்ல. அப்படித்தானே?"

"கையை எங்க சொன்னேன்?"

"வேற எதைச் சொன்னீங்க? சீவுறது நான், தெளிக்கிறது நான். பத்தொம்போது வருஷமா ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்ல. உங்க மருந்து உள்ள போகலன்னதும் என் கை மேல பழியா?"

"நான் எந்திரத்தைக் கேட்டேன்டி."

"எந்திரத்துக்கு வாயில்ல. அதான் எனக்கு உறைக்குது."

உள்ளேயிருந்து அவருடைய தங்கை தலையை நீட்டினாள். தொலைபேசியில் வாடிக்கையாளர்களின் புகார் கேட்பது அவள் வேலை. "அண்ணி, அண்ணா, ரெண்டு பேரும் வரிசையில காத்திருங்க. உங்க அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்றாள். இரண்டு பேரும் அவளை முறைத்தார்கள். தலை உள்ளே போனது.

அந்தச் சனியும் ஞாயிறும் அவள் அந்தக் கேள்வியையே மென்றுகொண்டிருந்தாள். காதாம், கேட்குதாமாம். சீவலைத் தொட்டுப் பார்க்காத மனுஷனுக்கு எந்திரத்தின் காதைப் பற்றி என்ன தெரியும்? திங்கள்கிழமை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர் மூக்கை உடைக்க ஒரு வழி யோசித்தாள். வழி கிடைத்தது. ரொம்பச் சுலபமான வழி. தகடு முழுக்க அவள் கையால் தெளித்த பொருள் ஒன்று இருக்கிறது. கட்டியின் ஓரத்திலும் இருக்கிறது, நடுவிலும் இருக்கிறது, ஒரு இடம் பாக்கியில்லை. அந்தத் தூளுக்கும் ஒரு எடை உண்டு. அந்த எடையின் படத்தைக் கேட்டால், ஓட்டையில்லாமல் முழு மஞ்சளாக வரும். அதை அச்செடுத்துக் கொண்டுபோய் டீக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, "இந்தாங்க, காது" என்று சொல்லிவிட வேண்டியதுதான். பேருந்து நிற்குமுன்னே இறங்கினாள்.

"அண்ணா, வெள்ளிக்கிழமை தகட்டுல தூளோட படத்தைக் காட்டுங்க."

லேசர் அண்ணா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "தூளா? தூளை யாரும்மா பாப்பாங்க?"

"நான் பாப்பேன்."

"இல்லியே. முந்நூறுக்குக் கீழ இருக்கிற எடையெல்லாம் கழிச்சுட்டுத்தான் சேமிப்பேன். தூள் அங்கதான் கிடந்து கூச்சல் போடும். கழிச்சா ஃபைல் பாதியாயிடும், வேலையும் சீக்கிரம் முடியும்."

"எத்தனை நாளா கழிக்கிறீங்க?"

"எத்தனை நாளாவா? எந்திரம் வந்த நாள்லேந்து." இதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் வழி இருந்தது. எப்போதும் ஒரு கட்டியில் அடுத்தடுத்து இரண்டு சீவல் எடுத்து, இரண்டாவதைக் குளிரில் பத்திரப்படுத்துவது அவள் பழக்கம். கிழிந்ததை ஒளிக்கத்தான் இந்த ஏற்பாடு என்பது லேசர் அண்ணாவின் கட்சி. அந்த இரண்டாவது தகட்டை எடுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தூள் தெளித்தாள். ஒவ்வொரு வரிசை தெளித்ததும் காயவிட்டாள். ஈரம் மிஞ்சினால் மூலக்கூறுகள் இடம் மாறி ஓடிவிடும், ஈரம் போதாவிட்டால் எகிறாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் உண்டு, அது அவள் மணிக்கட்டுக்குத் தெரியும்.

"எதையும் கழிக்காதீங்க. ஒரு எடையைக்கூட."

"ஃபைல் வீங்கிடும்மா."

"வீங்கட்டும்."

இரண்டு மணிநேரம் ஆனது. லேசர் அண்ணா தூளின் எடையைத் தட்டினார். திரையில் மேலிருந்து கீழாக மஞ்சள் இறங்கியது. சீவலின் விளிம்பு மஞ்சள், கட்டியைச் சுற்றி மஞ்சள். அவள் ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்புறம் நடுவில் ஓட்டை வந்தது. அதே இடம், அதே வடிவம், அதே கறுப்பு.

அவள் முதலில் நினைத்தது தன் கையைத்தான்: நடுவில் தெளிக்காமல் விட்டுவிட்டோமா? பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குத் தன் மணிக்கட்டின் மேல் சந்தேகம் வந்தது. தகட்டை எந்திரத்திலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். தூள் இருந்தது. லேசர் கொத்திய குழிகளுக்கு நடுவே, விளிம்பிலும் நடுவிலும் ஒரே சீராக, வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்தது. கை தப்பவில்லை. கண்ணுக்குத் தெரிகிற தூளையே அங்கே எந்திரத்தால் பார்க்க முடியவில்லை. அப்படியானால் மருந்து இல்லை என்று அது சொன்னதற்கு என்ன மதிப்பு?

"அண்ணா, இது அங்க செவிடு."

லேசர் அண்ணாவின் முகத்தில் ஈயாடவில்லை. தான் இத்தனை வருடம் கழித்துத் தள்ளியது எதை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவளுக்கு உறைத்தது வேறு. மூக்கை உடைக்கக் கிளம்பி வந்தவள், அந்த மனுஷன் கேட்டதுதான் சரியான கேள்வி என்று கண்டுபிடித்துவிட்டாள். அதைவிடக் கசப்பான மாத்திரை ஒரு பெண்டாட்டிக்கு உண்டா? ஆனால் அந்தக் கசப்புக்கு அடியில் அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது, அதையும் அவளால் மறைக்க முடியவில்லை.

பேராசிரியை இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்டிப்பான மனுஷி, சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் தப்பைத் தப்பு என்று சொல்லத் தயங்காதவர்.

"என் தப்பு. எலியில பாத்தப்ப எல்லா இடமும் சமமா இருந்தது. எலிக்கு இந்த மாதிரி செத்த நடுப்பகுதி வராது. முயலுக்கு வரும். கொழுப்பும் உப்பும் அங்க அடைச்சுக் கெடக்கு, மத்தவங்களை எகிற விடல. நான் யோசிச்சிருக்கணும்."

"அப்ப நடுவுல மருந்து இருக்கு, இல்லியா மேடம்?"

"இருக்குன்னு யார் சொன்னா? இல்லன்னு சொல்ல நமக்கு அருகதை இல்ல. அவ்வளவுதான் இப்ப தெரியுது. செவிடு முழுச் செவிடா, மந்தமான்னு பாக்கணும்."

வழியையும் அவரே சொன்னார். நூற்றுப்பதினாலுக்கு ஒரு இரட்டைப் பிறவி உண்டு. எல்லா விதத்திலும் அதே மருந்து, சில அணுக்கள் மட்டும் கனமானவை, அதனால் எடையில் ஐந்து கூடுதல். ரத்தத்தில் மருந்தை அளப்பதற்காகச் செய்து வைத்தது. அதைச் சீவல் முழுக்கச் சமமாகத் தெளித்துவிட்டு, அதன் மேல் தூளைத் தெளிக்க வேண்டும். எந்திரத்துக்கு எங்கே காது மந்தமோ, அங்கே இரட்டையர் இருவர் குரலும் ஒரே அளவு அமுங்கும். ஒருவனுக்கு எதிரே இன்னொருவன் எத்தனை பங்கு என்று பார்த்தால் உண்மை வந்துவிடும். ஒரு புள்ளிக்கு இருநூறு அடி அடித்த இடத்தில் ஆயிரம் அடி அடித்தால், முனகலும் காதில் விழும்.

"இரட்டை மருந்து பாட்டில் எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு மேடம். இப்பவே..."

"ரத்த ஆய்வுக்கூடத்துலயும் ஒண்ணு இருக்கு. நான் வாங்கிட்டு வரேன். நீ மாடி ஏறாதே." பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "நல்லாக் கேட்டுக்கோ. புருஷன் மருந்து தோத்துச்சு, பொண்டாட்டி உடனே வேற படம் எடுத்தா, ஜெயிச்சுடுச்சு. வெளியில இருந்து பாத்தா இது எப்படித் தெரியும்?"

அவளுக்குத் தெரிந்தது.

"எட்டுக் கட்டி தரேன். ஒண்ணுலேந்து எட்டு வரை எண் மட்டும் இருக்கும். எது எந்த முயல்னு உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பட்டியல் கவர்ல, ஒட்டி, மேல குழுத் தலைவர் கையெழுத்து. நீ பாத்து, எதுல என்ன இருக்குன்னு எழுதிக் குடு. கவரை அங்க வச்சுப் பிரிப்போம். அதுவரைக்கும் உங்க வீட்டுல மூச்சு விடக்கூடாது. ஒரு வார்த்தை கசிஞ்சுதுன்னு தெரிஞ்சா எட்டுப் படமும் குப்பை."

இப்படியாக, வாய் உள்ள கத்தி மூன்று நாள் ஊமையானாள். சீவுகிற வேலை அவளுக்குச் சிரமமே இல்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க எட்டுக் கட்டியையும் சீவினாள். ஒவ்வொன்றின் நடுப்பகுதியும் உதிரப் பார்த்தது, எட்டையும் கெஞ்சியும் மிரட்டியும் முழுசாக எடுத்தாள். இரட்டை மருந்தைத் தெளித்தாள், காயவிட்டு, தூளைத் தெளித்தாள். லேசர் அண்ணா ஒரு எடையைக்கூடக் கழிக்காமல், கட்டியிருந்த பகுதிக்கு மட்டும் எல்லை வரைந்து எந்திரத்தை ஓடவிட்டார். ஃபைல் வீங்கியது, அவர் அதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

சிரமமெல்லாம் வீட்டில்தான் இருந்தது. வாயைத் திறந்தால் வந்துவிடும் என்று பயந்து அவள் வாயையே திறக்கவில்லை. அவரோ, சனிக்கிழமை கோபம் இன்னும் தீரவில்லை என்று எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை சாயந்திரம் பாத்திரம் கழுவிக் கொடுத்தார். அவள் பேசவில்லை. புதன்கிழமை காலையில் அவள் செருப்பில் அறுந்திருந்த வாரை ஒட்டி வைத்தார். அதற்கும் பேசவில்லை. அழுகை வராமலிருக்கக் கன்னத்தின் உள்பக்கத்தைக் கடித்துக்கொண்டாள். அது அவர் கண்ணுக்குக் கடுகடுப்பாகத் தெரிந்தது.

புதன்கிழமை சாயந்திரம் அவர் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் பதினோரு நோட்டுப் புத்தகம், அவர் மேசையில் இருந்த கோப்பை, ஒரு ஜோடி பழைய செருப்பு, மேலே ஒரு கால்குலேட்டர். கதவோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு அவங்க சொல்லி எடுக்கறதுக்கு முன்னாடி நானே எடுத்துட்டு வந்துட்டேன்" என்றார், யாரையும் பார்க்காமல்.

அன்று சாயந்திரம் கிளம்பும்போது எட்டில் ஆறு படம் முடிந்திருந்தது. ஆனால் எட்டும் முடியாமல் விடையைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது என்பது பேராசிரியையின் உத்தரவு, எது எந்த முயல் என்பதும் அவளுக்குத் தெரியாது. நம்பிக்கை கொடுக்கவும் அவளிடம் முழு நம்பிக்கை இல்லை, மறைக்கவும் மனசு இல்லை. நாத்தனார் சமையலறைக்குள் வந்து அவள் காதோரம் கிசுகிசுத்தாள்.

"அண்ணி, நாள் முழுக்கக் கத்துறவங்களைச் சமாளிச்சுட்டு வரேன். கத்தாதவங்களை எப்படிச் சமாளிக்கிறதுன்னு எங்களுக்குச் சொல்லித் தரல. பாவம் அண்ணா. ஏதாவது ஒரு வார்த்தை திட்டுங்களேன்."

அவள் டீயைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். ரொம்ப யோசித்து, எந்த ரகசியமும் இல்லாத வாக்கியம் ஒன்றைக் கண்டுபிடித்தாள்.

"டீ ஆறுது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று நாளுக்குப் பிறகு கிடைத்த இரண்டு வார்த்தை. டீயை ஒரே மடக்கில் குடித்தார், நாக்கு வெந்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் குழு கூடியது. நீள மேசை, தண்ணீர்ப் பாட்டில்கள், கர்ரென்று சத்தம் போடும் ஏசி. தலைவர் நுரையீரல் டாக்டர். மேல்மாடி வார்டில் எந்த மருந்தும் கேட்காத நோயாளிகளை வைத்துக்கொண்டு அல்லாடுகிற மனிதர். அவள் கணவர் கடைசி வரிசையில், கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளிக்கிழமைப் படத்தைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியாது.

பேராசிரியை எழுந்து, வெள்ளிக்கிழமைப் படம் செல்லாது என்றார். தூளின் படத்தைத் திரையில் போட்டார். காரணம் சொன்னார். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

நுரையீரல் டாக்டர் குனிந்தார். "ஒரு விஷயம் வெளிப்படையா கேட்டுடறேன், யாரும் தப்பா எடுத்துக்கக் கூடாது. மருந்தைச் செஞ்சவரும் படத்துக்குச் சீவினவங்களும் ஒரே வீடு. எனக்கு மேல நாப்பத்திரண்டு பேர் இருமிக்கிட்டு இருக்காங்க. அவங்களுக்கு ஆசை காட்டி மோசம் பண்ண என்னால முடியாது."

"அதுக்குத்தான் திங்கக்கிழமை எதுக்குன்னு சொல்லாம உங்ககிட்ட ஒரு கவர்ல கையெழுத்து வாங்கினேன்" என்று பேராசிரியை அதை அவர் முன்னால் வைத்தார். "ஒட்டினது ஒட்டினபடி இருக்கு. எட்டுக் கட்டி. அவங்க சொல்லட்டும், நீங்க பிரிச்சுப் படிங்க."

அவள் எழுந்தாள். கையில் காலையில் எழுதிய தாள்.

"ஒண்ணு, மருந்து இல்ல."

டாக்டர் கவரைக் கிழித்துப் பார்த்தார். "மருந்து கொடுக்காத முயல்."

"ரெண்டு. மருந்து இருக்கு. நடு வரைக்கும் இருக்கு."

"கொடுத்தது. பதினாலு நாள்."

"மூணு. இருக்கு. நடுவுலதான் அதிகம்."

"கொடுத்தது." டாக்டரின் குரல் மாறியிருந்தது.

"நாலு, இல்ல."

"கொடுக்காதது."

ஐந்துக்கு வந்ததும் அவள் நின்றாள். காலையில் அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருந்தாள். இரட்டைப் பிறவியின் குரல் நடுவில் முனகலாகவாவது கேட்டது, மருந்தின் குரல் கேட்கவேயில்லை. நாலு பேர் முன்னால், கடைசி வரிசையில் இருப்பவர் முன்னால், அவள் எழுதியதை எழுதியபடி சொன்னாள்.

"அஞ்சு. மருந்து இருக்கு. ஆனா ஓரத்துல மட்டும். நடுவுல இல்ல. இது காது கேக்காத ஓட்டை இல்லங்க, உண்மையான ஓட்டை."

அவள் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அடுத்த எண்ணைச் சொல்லியிருக்க முடியாது.

டாக்டர் தாளைப் பார்த்தார். கண்ணாடியை உயர்த்திவிட்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் உரக்கப் படித்தார். "அஞ்சு. முதல் வேளை மருந்து கொடுத்து ஒரு மணிநேரத்துல எடுத்த முயல்." தாளை மேசையில் வைத்தார். "ஒரு மணிநேரத்துல நடுவுக்கு எப்படிப் போகும்? வாசலுக்குத்தான் போயிருக்கும்."

"வேணும்னேதான் வச்சேன்" என்றார் பேராசிரியை. "இருக்கறதை இருக்குன்னு சொன்னாப் போதாது. இல்லாததை இல்லன்னும் சொல்லத் தெரியுதான்னு பாக்கணுமில்ல?"

ஆறு, இருக்கு. கொடுத்தது. ஏழு, இல்லை. கொடுக்காதது. எட்டு என்று அவள் வாயெடுக்குமுன்னே மேசையைச் சுற்றி எல்லோரும் முன்னால் சாய்ந்திருந்தார்கள்.

"எட்டு, நடு வரைக்கும் இருக்கு."

"எட்டும் சரி" என்று டாக்டர் எழுந்தே விட்டார். எட்டாவது முயலைச் சொன்னாரா, மொத்தத்தையும் சொன்னாரா என்று யாரும் கேட்கவில்லை. யாரோ கை தட்டினார்கள், அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். "இது கைவிடற மருந்து இல்ல. மனுஷங்களுக்கான முதல் சோதனைக்கு இன்னைக்கே எழுதறேன்" என்று சொல்லிவிட்டு, பேனாவைத் தேடினார். பேனா அவர் காதில் இருந்தது. பேராசிரியை சிரித்தார். அதைப் பார்த்தவர்கள் மருந்து ஜெயித்ததைவிட அதிகமாக அசந்துபோனார்கள்.

அவள் அங்கே நிற்கவில்லை. எந்திர அறைக்கு ஓடிவந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. கணவர் வந்து நின்றார். தலைமுடி கலைந்திருந்தது, யாரோ கட்டிப்பிடித்துக் கலைத்திருக்க வேண்டும்.

"மூணு நாள்" என்றார். "மூணு நாள் நீ..."

"ஒரு வார்த்தை பேசியிருந்தா எல்லாத்தையும் கொட்டியிருப்பேன். என் வாய் உங்களுக்குத் தெரியாதா?" அவள் எழுந்துகொண்டாள். "சனிக்கிழமை நீங்க கேட்டது சரியான கேள்வி. இதை ஒரு தடவைதான் சொல்லுவேன், நல்லாக் கேட்டுக்கோங்க."

"நான் கேட்டது வயித்தெரிச்சல்ல கேட்டது" என்றார் அவர். "கண்டுபிடிச்சது நீ."

பிறகு சின்னக் குரலில், "படத்தைக் காட்டேன். அங்க தூரத்துல சரியாத் தெரியல" என்றார்.

லேசர் அண்ணா நாற்காலியை இழுத்துப் போட்டார். மூன்றாம் எண் படத்தைத் திறந்தவர், ஒரு விரலை உயர்த்தினார். "இருங்க சார். முதல்ல தூளைப் பாத்துடலாம். அதைப் பாக்காம இந்த அறையில இனிமே எதையும் பாக்கறதில்ல." தூளின் படம் வந்தது, நடுவில் மங்கலோடு. அப்புறம் இரட்டைப் பிறவியின் படம், அதே மங்கலோடு. அப்புறம் ஒன்றுக்கு எதிரே ஒன்றை வைத்துப் பார்த்த படம்.

மஞ்சள் மேலிருந்து இறங்கியது. விளிம்பைத் தாண்டியது, கட்டியின் சுவரைத் தாண்டியது, செத்து வெளுத்த அந்த நடுப்பகுதிக்குள் நுழைந்து, அங்கேதான் அதிகமாகப் பிரகாசித்தது.

பதினோரு வருடமாக அவர் அதைப் பாட்டிலில் வெள்ளைப் பொடியாகத்தான் பார்த்திருந்தார். அது எங்கே போக வேண்டும் என்று நோட்டுப் புத்தகங்களில் எழுதி எழுதி வைத்திருந்தார். போன இடத்தில் அதைப் பார்த்தது இதுதான் முதல் தடவை. திரைக்கு ரொம்பப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"போயிருக்கு" என்றார். "பாரேன். போயிருக்கு." கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

அவள் தன் மேல்கோட்டுப் பையில் துழாவி, கத்தி துடைக்கிற மெல்லிய தாளில் ஒன்றை உருவி அவரிடம் நீட்டினாள். இன்னொன்றை உருவித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தப் பெட்டியை நாளைக்குக் காலையில நீங்கதான் திரும்பத் தூக்கிட்டு வரணும்" என்றாள். "கோப்பையை மட்டும் நான் எடுத்துட்டு வரேன்."